டைல்ஸ், கல் தரைகளைச் சுத்தம் செய்வதும் காப்பதும்: புதியவர்களுக்கான வழிகாட்டி

மெருகேற்றிய மார்பிள் தரையில் ஒரு துளி எலுமிச்சைச் சாறு விழுந்து சில நிமிடங்கள் நின்றுவிட்டால் அந்த இடம் மங்கிப்போகும். பிறகு எதைக்கொண்டு துடைத்தாலும் பளபளப்பு திரும்பாது, மீண்டும் மெருகேற்றத்தான் வேண்டும். அதே துளி விட்ரிஃபைடு டைல்ஸில் விழுந்தால் துடைத்தவுடன் அடையாளமே இருக்காது. இந்த வேறுபாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல், 'எல்லாத் தரைகளுக்கும் ஏற்றது' என்று அச்சிட்ட புட்டிகள் விற்கப்படுகின்றன. ஒரே வீட்டுக்குள் மூன்று வகைத் தரைகளோடு குடிபுகுந்த எனக்கு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எது எந்தத் தரைக்குப் பொருந்தும் என்று பிரித்தறிய நெடுநாள் அலைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். தரை என்ன பொருள் என்று உறுதியாகத் தெரியும்வரை, தண்ணீரைத் தவிர வேறெதையும் அதன்மேல் ஊற்றாதீர்கள் என்பதுதான் இதில் முதன்மையான செய்தி.

1. தரையை அடையாளம் காணுங்கள்

பராமரிப்பு நோக்கில் வீட்டுத் தரைகளை மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொண்டால் போதும். முதல் கூட்டம் சூளையில் சுட்டெடுத்த டைல்ஸ். சாதாரண செராமிக் டைல்ஸின் உடல் ஓரளவு தண்ணீரை உறிஞ்சும். அதன் மேலிருக்கும் கண்ணாடிப் பூச்சுதான் காவல். விட்ரிஃபைடு டைல்ஸோ மிக அடர்த்தியானவை, ஐ.எஸ்.ஓ. 13006 என்ற பன்னாட்டுத் தரநிலையின்படி நீர் உறிஞ்சும் அளவு 0.5 விழுக்காட்டுக்கு மேற்படாதவையே அந்த வகுப்பில் சேரும். இவற்றை வீட்டில் புழங்கும் மென்மையான அமிலங்கள் எதுவும் செய்வதில்லை. பலவீனம் இடையிலுள்ள சிமெண்டு ஜாயிண்டுகளில்தான் இருக்கிறது.

இரண்டாம் கூட்டம் சுண்ணாம்புச் சத்துள்ள கற்கள்: மார்பிள், சுண்ணாம்புக்கல், டிராவர்டைன், ஓனிக்ஸ். இவற்றின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். 1 முதல் 10 வரையுள்ள மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் ஏறத்தாழ 3. அமிலம் பட்டால் கரையும், மணல் பட்டால் கீறும். மொசைக் தரையையும் சிமெண்டு டைல்ஸையும் இந்தக் கூட்டத்திலேயே வையுங்கள், ஏனென்றால் சிமெண்டும் மார்பிள் சில்லுகளும் அமிலத்துக்கு ஒரே மாதிரி இரையாகின்றன. மொசைக் தரையை உறுதியானது என்று எண்ணி ஆசிட் போட்டுத் தேய்ப்பவர்கள் ஏராளம். ஒவ்வொரு முறையும் சில்லுகளைப் பிடித்துவைத்திருக்கும் சிமெண்டு சற்றே அரிபட்டு, தரை சொரசொரப்பாகி, முன்பைவிட விரைவாக அழுக்கேறும்.

மூன்றாம் கூட்டம் கிரானைட், குவார்ட்சைட், பெரும்பாலான மணற்கற்கள், ஸ்லேட். கிரானைட்டின் முக்கியக் கனிமங்களான ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்சும் கடினத்தன்மையில் 6, 7 என்ற அளவில் இருப்பதால் அது எளிதில் கீறாது. எலுமிச்சைச் சாற்றுக்கும் அசையாது. ஆனால் வெளிர்நிறக் கிரானைட் எண்ணெயை உறிஞ்சும். மணற்கல் அதைவிட அதிகமாக உறிஞ்சும்.

கடைக்காரர் சொல்லும் பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். குவார்ட்சைட் என்ற பெயரில் மார்பிள் இனத்துக் கற்கள் விற்கப்படுவதுண்டு. ஐயமிருந்தால், மிஞ்சிய ஒரு துண்டின் மேல், துண்டு இல்லாவிட்டால் அலமாரிக்கு அடியில் கண்ணில் படாத மூலையில், ஒரு துளி வினிகர் விட்டு ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். நுரை பொங்கினாலோ, துடைத்த இடம் மங்கித் தெரிந்தாலோ அது சுண்ணாம்புக் கூட்டம். அந்த மங்கல் நிரந்தரமாக நிற்கும் என்பதால் நடுக்கூடத்தில் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. அடுத்த சோதனைக்குத் தண்ணீர் போதும்: சில துளிகளைத் தரையில் விட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். அடியில் கல் கருத்துத் தெரிந்தால் அது உறிஞ்சுகிறது என்று பொருள். அதற்கு, கறை இறங்குவதைத் தாமதப்படுத்தும் சீலர் என்ற திரவம் தேவைப்படும். துளி அப்படியே முத்தாக நின்றால் இப்போதைக்குத் தேவையில்லை.

2. ஆவணங்களை ஒரு கோப்பில் சேருங்கள்

இதைப் பலரும் அலட்சியம் செய்கிறார்கள்; ஒரு டைல் உடைந்த பிறகுதான் அதன் மதிப்பு தெரிகிறது. டைல்ஸ் பெட்டியின் பக்கவாட்டில் மாதிரியின் பெயர், தயாரிப்புத் தொகுதி எண், ஷேடு எண், துல்லிய அளவுக் குறியீடு ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். அந்த அட்டையைக் கத்தரித்து வையுங்கள், அல்லது படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரியை மீண்டும் வாங்கினாலும் தொகுதி மாறினால் நிறமும் அளவும் சிறிது மாறும். அதனால் ஒவ்வொரு அறைக்கும் சில டைல்ஸை உபரியாக எடுத்துவைப்பது பிற்காலச் செலவைப் பெருமளவு குறைக்கும். கூடவே, வாங்கிய ரசீது, உத்தரவாதச் சீட்டு, ஜாயிண்டை நிரப்பப் போட்ட கலவையான கிரவுட்டின் பெயரும் நிற எண்ணும், அது சிமெண்டு வகையா எபாக்சி என்ற பிசின் வகையா என்ற குறிப்பு, சீலர் அடித்திருந்தால் அதன் பெயர், அடித்த தேதி ஆகியவற்றையும் சேருங்கள். உத்தரவாதச் சீட்டில் 'பரிந்துரைக்கப்பட்ட சுத்திகரிப்பான் மட்டும்' என்ற நிபந்தனை இருக்கிறதா என்று படித்துவிடுங்கள். இருந்தால், வேறொன்றைப் பயன்படுத்திய பிறகு முறையிட்டுப் பயனில்லாமல் போகலாம்.

இன்னொரு ஆவணம் பலருக்கும் தெரிவதே இல்லை. சுத்திகரிப்புப் பொருள்களைத் தயாரிக்கும் நிறுவனங்கள் பாதுகாப்புத் தரவுத் தாள் என்று ஒன்றை வெளியிடுகின்றன. உலகெங்கும் பின்பற்றப்படும் முறைப்படி அதில் 16 பிரிவுகள் உண்டு. 3ஆம் பிரிவில் சேர்மானங்களும், 8ஆம் பிரிவில் கையுறை, கண்ணாடி போன்ற காப்புகளும், 9ஆம் பிரிவில் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவும் இருக்கும். புட்டியின் முன்புறத்தில் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும், இந்த மூன்று பிரிவுகளைப் பார்த்த பிறகே உங்கள் தரைக்கு அது ஆகுமா என்று முடிவு செய்யுங்கள். பி.எச். 7ஐ ஒட்டியிருந்தால் எந்தத் தரைக்கும் அன்றாடம் பயன்படுத்தலாம். 7ஐவிட வெகுவாகக் குறைந்தால் அமிலம். சுண்ணாம்புக் கற்களுக்கு ஆகாது. 10ஐத் தாண்டினால் வலுவான காரம். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், ஆனால் அன்றாடத்துக்கு உரியதல்ல. சேர்மானத்தில் ஹைட்ரோஃபுளூரிக் அமிலமோ அம்மோனியம் பைஃபுளூரைடோ இருந்தால் வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். சில துரு நீக்கிகளில் இவை உண்டு. கண்ணாடிப் பூச்சையும் கிரானைட்டையும்கூட அரிக்கும் இவை, தோலில் பட்டால் உடனே எரிச்சல் தெரியாமலேயே ஆழமாக ஊடுருவிக் கடுமையான காயத்தை உண்டாக்கக் கூடியவை.

3. புதிதாகப் போட்ட தரையானால் அவசரப்படாதீர்கள்

சிமெண்டு கிரவுட் பூசிய பிறகு டைல்ஸின் மேல் சாம்பல் நிறப் படலம் படியும். அதை அன்றே, கிரவுட் சற்று இறுகியதும், சுத்தமான உலர்ந்த துணியால் தேய்த்தால் போய்விடும்; வேலையாட்கள் புறப்படுவதற்கு முன்பே இதைச் செய்யச் சொல்லுங்கள். நாள்பட்டு இறுகிய படலத்துக்கு சல்ஃபாமிக் அமிலக் கரைசல் உண்டு. அது டைல்ஸுக்கு மட்டும்தான், மார்பிளுக்கும் மொசைக்குக்கும் அல்ல. கிரவுட் நன்றாக இறுகும்வரை பொறுத்து, ஜாயிண்டுகளை முதலில் தண்ணீரால் முழுக்க நனைத்துவிட்டுத்தான் அதை ஊற்ற வேண்டும். ஜாயிண்ட் ஏற்கெனவே தண்ணீரைக் குடித்திருந்தால் அமிலத்தை உள்ளே இழுக்காது. எபாக்சி கிரவுட்டின் படலத்தை அமிலம் அசைக்காது; அதற்கென்றே விற்கும் நீக்கி வேண்டும், அதுவும் விரைவாக வேண்டும், ஏனென்றால் எபாக்சி நாளாக ஆக மேலும் இறுகும்.

தரை காய்ந்துவரும் வாரங்களில் ஜாயிண்டுகளிலும் கல்லின் மேலும் வெள்ளைப் பொடி பூப்பதைக் கண்டு பலர் பதறுகிறார்கள். அடியிலுள்ள சிமெண்டின் உப்புகளை ஈரம் மேலே கொண்டுவந்து விட்டுவிட்டு ஆவியாவதால் வரும் உப்புப் பூத்தல் அது. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து உள்ளே போய் மறுபடியும் பூக்கும். உலர்ந்த மென்மையான தூரிகையால் கூட்டி எடுத்துவிட்டுக் காத்திருங்கள். ஈரம் வடிந்தால் தானாக நிற்கும். மாதக்கணக்கில் நிற்காவிட்டால் குழாய்க் கசிவோ, தரைக்கடியிலிருந்து ஏறும் ஈரமோ இருக்கும். அதைச் சரிசெய்யாமல் மேலே சீலர் அடிப்பது ஈரத்தை உள்ளே பூட்டிவைப்பதாகும்.

மெருகேற்றிய விட்ரிஃபைடு டைல்ஸ் சிலவற்றில் கீறாமல் இருக்கத் தொழிற்சாலையிலேயே மெழுகு பூசி அனுப்புவார்கள். எவ்வளவு துடைத்தாலும் புதுத்தரை மங்கலாகவே இருந்தால் இதைச் சந்தேகியுங்கள். தயாரிப்பாளர் சொல்லும் நீக்கியால் ஒருமுறை எடுத்தால் போதும்.

4. செலவு எங்கே, சிக்கனம் எங்கே

வாங்க வேண்டியவை குறைவு: இரண்டு வாளிகள், துவைத்துப் பயன்படுத்தக்கூடிய மைக்ரோஃபைபர் துணியுள்ள தட்டை மாப், மென்மையான துடைப்பம், நைலான் தூரிகை, ரப்பர் வைப்பர், கையுறை, பி.எச். 7 உள்ள சுத்திகரிப்பான். இவற்றில் சுத்திகரிப்பான் மட்டுமே திரும்பத் திரும்ப வரும் செலவு. அதன் விலையைப் புட்டி அளவில் ஒப்பிடாமல், கலந்த பிறகு கிடைக்கும் லிட்டர் அளவில் ஒப்பிடுங்கள்: ஒரு லிட்டர் அடர்கரைசலை நூறு பங்கு தண்ணீரில் கலக்கச் சொன்னால் ஏறத்தாழ நூறு லிட்டர் கிடைக்கும்; இருபது பங்கு என்றால் இருபது லிட்டரே கிடைக்கும். விலை குறைவாகத் தோன்றும் புட்டி பல நேரங்களில் இப்படித்தான் கூடுதலாகிறது.

வாங்கக் கூடாதவை: இரும்புத் தூரிகை, இரும்பு நார், மெழுகு கலந்த பளபளப்புத் திரவம், துணி துவைக்கும் சோப்புத்தூள். இரும்பு நாரின் நுண்துகள்கள் ஜாயிண்டில் சிக்கித் துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளிகளை விடும். மெழுகுத் திரவம் அடுக்கடுக்காகப் படிந்து அழுக்கைப் பிடித்துக்கொள்வதோடு தரையை வழுக்கவும் செய்யும். வயதானவர்கள் நடமாடும் வீட்டில் இதைப் பற்றி இரண்டாவது யோசனையே வேண்டாம்.

5. அன்றாடம்: தூசியை முதலில் எடுங்கள்

வெளியிலிருந்து காலில் ஒட்டிவரும் மணலில் குவார்ட்சு இருக்கிறது. அது மார்பிளைவிடப் பல மடங்கு கடினமானது. அந்த மணலோடு நடப்பதும், அதைக் கூட்டாமல் ஈரத்துணியால் தேய்ப்பதும் மெருகை நாள்தோறும் சிறிது சிறிதாகக் கீறுகின்றன. வாசலுக்கு வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இரண்டு மிதியடிகளைப் போட்டு, அவற்றை அடிக்கடி உதறுங்கள். வேறெந்தப் பராமரிப்பும் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தருவதில்லை. மிதியடியின் அடியில் ரப்பர் இருக்கக் கூடாது. அதிலுள்ள வேதிப்பொருள்கள் கல்லில் இறங்கி, எடுக்க முடியாத மஞ்சள் திட்டை உண்டாக்கும். நாற்காலி, மேசைக் கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்டுங்கள். தூசி உறிஞ்சி இயந்திரமானால் சுழலும் கட்டைத் தூரிகையை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள்.

6. ஈரத் துடைப்பு

தரை மங்கலாகத் தெரிவதற்கு நான் கண்டவரை முதல் காரணம், துடைத்த பின் தங்கிவிடும் சுத்திகரிப்பானின் படலம்தான். அழுக்கு போகவில்லை என்று எண்ணி இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஊற்றுகிறோம், படலம் தடிக்கிறது, அதில் காலடித் தூசி ஒட்டுகிறது. ஆகவே அட்டையில் சொன்ன அளவை மூடியால் அளந்து ஊற்றுங்கள், கண்மதிப்பில் ஊற்றாதீர்கள்.

முதல் வாளியில் கரைசல், இரண்டாம் வாளியில் வெறும் தண்ணீர். மாப்பைக் கரைசலில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, அறையின் உள்மூலையிலிருந்து வாசலை நோக்கிப் பின்வாங்கியபடி துடையுங்கள். ஒரு சிறு பகுதி முடிந்ததும் மாப்பை இரண்டாம் வாளியில் அலசிப் பிழிந்த பிறகே மறுபடியும் கரைசலில் இடுங்கள். இப்படிச் செய்தால் கரைசல் கடைசிவரை தெளிவாகவும், அலசும் தண்ணீர் சீக்கிரமே கலங்கலாகவும் ஆவதைப் பார்ப்பீர்கள். அந்தக் கலங்கல்தான் ஒரே வாளியாக இருந்திருந்தால் தரைக்கே திரும்பிப் போயிருக்கும் அழுக்கு. அலசும் தண்ணீரில் வாளியின் அடிப்பாகம் தெரியாமல் போனால் மாற்றிவிடுங்கள். முடிந்ததும் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒருமுறை ஓட்டுங்கள். தண்ணீர் கடினமாக இருக்கும் இடங்களில் இந்தக் கடைசி வேலையைத் தவிர்க்கவே கூடாது. தானாகக் காயவிட்டால் தண்ணீரிலுள்ள உப்புகள் வெள்ளைத் தடமாகத் தரையிலேயே தங்கும்.

படலம் ஏற்கெனவே இருக்கிறதா என்று அறிய, காய்ந்த தரையில் ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு சாண் அகலத்துக்கு அழுத்தித் தேயுங்கள். துணி வழுவழுப்பாகவோ, தேய்த்த பட்டை மட்டும் தனித்துத் தெளிவாகவோ தெரிந்தால் படலம் உண்டு. எதுவும் கலக்காத வெதுவெதுப்பான தண்ணீரால், ஒவ்வொரு முறையும் தண்ணீரை மாற்றி, தொடர்ந்து சில முறை துடைத்தால் பெரும்பாலும் நீங்கும். நீங்காவிட்டால் காரத்தன்மையுள்ள நீக்கியை ஒரேயொரு முறை பயன்படுத்தி, நன்றாக அலசிவிடுங்கள்.

நீராவி மாப்பை இயற்கைக் கல்லில் பயன்படுத்த நான் பரிந்துரைப்பதில்லை. வெப்பமும் ஈரமும் நுண்துளைகளுக்குள் அழுத்தத்தோடு செல்வதால் சீலரும், நாளடைவில் சிமெண்டு ஜாயிண்டும் பலவீனமாகும்.

7. ஒருபோதும் கலக்கக் கூடாதவை

ப்ளீச்சையும் அமிலத்தையும் சேர்த்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிவரும். கழிப்பறைச் சுத்திகரிப்பான்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பதால், குளியலறைத் தரையில் அதை ஊற்றி, கறை போகவில்லை என்று மேலேயே ப்ளீச் ஊற்றுவது உயிருக்கே ஆபத்தானது. ப்ளீச்சோடு அம்மோனியா சேர்ந்தால் குளோரமின் என்ற மற்றொரு நச்சு வாயு உண்டாகும். ஒன்றைப் பயன்படுத்திய இடத்தில் வேறொன்றைப் போடுவதாயிருந்தால் முழுக்க அலசிக் காயவிட்டு வேறொரு நாள் செய்யுங்கள். எப்போதும் சன்னல்கள் திறந்திருக்கட்டும். பயன்படுத்தும் பொருளை மூலப் புட்டியிலிருந்து வேறு குப்பிக்கு மாற்றாதீர்கள்.

8. ஜாயிண்டுகள்

சிமெண்டு கிரவுட் ஈரத்தையும் எண்ணெயையும் உறிஞ்சுவதால் டைல்ஸ் பளிச்சென்று இருந்தாலும் இடையே கறுத்த கோடுகள் தெரியும். இதற்கு நான் முதலில் சொல்வது சோடியம் பெர்கார்பனேட் தூள். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு வெளிவந்து அழுக்கைத் தளர்த்தும். கரைசலை அவ்வப்போது புதிதாகக் கலந்து ஜாயிண்டில் ஊற்றி, பதினைந்து முதல் இருபது நிமிடம் காயாமல் வைத்திருந்து, நைலான் தூரிகையால் நீளவாக்கில் தேய்த்து, தளர்ந்த அழுக்கு மறுபடியும் படியுமுன் துணியால் உறிஞ்சி எடுங்கள். கல் தரையில், குறிப்பாகக் கருநிறக் கல்லில், முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். அமிலம் கிரவுட்டை உடனே வெளுப்பாக்கிக் காட்டும். அதன் மேற்பரப்பையே கரைப்பதால்தான் அந்த வெளுப்பு வருகிறது. அடுத்த முறை அது இன்னும் வேகமாகக் கறுக்கும்.

தரையும் சுவரும் சேரும் மூலையில் கிரவுட் திரும்பத் திரும்ப விரிசல் விட்டால், அங்கே மறுபடியும் சிமெண்டைப் பூசிப் பயனில்லை. இரு பரப்புகளும் வெப்பத்தால் தனித்தனியே அசையும் இடம் அது. வளைந்துகொடுக்கும் சிலிக்கோன் பசையைத்தான் அங்கே நிரப்ப வேண்டும். மரக்கட்டையால் தட்டும்போது ஏதாவது டைல் வெற்றொலி எழுப்பினால் அதன் அடியில் பசை பிடிக்கவில்லை; அந்த இடத்தில் கனமான பொருளை வைக்காமல், ஆளை வரவழைத்துப் பாருங்கள்.

9. கறையா, அமிலத் தழும்பா?

கல்லில் ஒரு அடையாளம் தெரிந்தால், எதையும் தடவுமுன் தரையளவுக்குக் குனிந்து பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். சுற்றுப்புறத்தைவிடக் கருமையாக, ஆனால் மெருகு குன்றாமல் இருந்தால் அது கறை: ஏதோ ஒன்று துளைகளுக்குள் இறங்கியிருக்கிறது, இழுத்து வெளியே எடுக்கலாம். வெளிறி, மெருகில்லாமல், விரல் நுனிக்குச் சற்றே சொரசொரப்பாக இருந்தால் அமிலத் தழும்பு: அங்கே கல்லே கரைந்திருக்கிறது, எடுக்க எதுவுமில்லை. சிறு தழும்பை மார்பிளுக்கான பாலிஷ் தூளைக்கொண்டு வீட்டிலேயே ஈரத்துணியால் தேய்த்து ஏற்றலாம். பரவலாக இருந்தால் இயந்திரம் வேண்டும்.

கறைக்குச் சிறந்த வழி பற்றுப் போடுவது. வெண்களிமண் தூளையோ டால்க் தூளையோ உரிய திரவத்தில் குழைத்து, கரண்டியிலிருந்து வழியாமல் நிற்கும் பதத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். தாவரச் சாயம், தேநீர், காபி போன்றவற்றுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு, எண்ணெய்க்கு அசிட்டோன். பெராக்சைடு கருநிறக் கற்களை வெளுக்கச் செய்யலாம் என்பதால் அங்கே தவிருங்கள். அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்போ விளக்கோ எரியும் அறையில் தொடாதீர்கள். கறை படிந்த இடத்தைச் சுத்தமான தண்ணீரால் நனைத்து, கறையின் விளிம்பைத் தாண்டியும் மூடும்படி 6 முதல் 12 மில்லிமீட்டர் கனத்தில் பற்றைப் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்களை டேப்பால் ஒட்டி, 24 முதல் 48 மணி நேரம் விடுங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டுப் பற்று முழுக்கக் காயும்வரை பொறுங்கள். திரவம் ஆவியாகும்போதுதான் கறை கல்லிலிருந்து தூளுக்கு ஏறுகிறது; ஆகவே ஈரமாக இருக்கும்போதே சுரண்டி எடுத்தால் பாதி வேலை வீண். பழைய எண்ணெய்க் கறைக்கு இரண்டு மூன்று தடவை போட வேண்டிவரும்.

வெள்ளை மார்பிளில் பெரிய பரப்பில் மஞ்சள் படர்ந்தால் அது வெளிக்கறையாக இல்லாமல், கல்லுக்குள்ளேயே இருக்கும் இரும்புக் கனிமங்கள் ஈரத்தால் துருப்பிடித்ததாக இருக்கலாம். ப்ளீச்சும் அமிலமும் அதை மேலும் மோசமாக்கும். முதலில் ஈரத்தின் மூலத்தைத் தேடுங்கள்.

10. சீலர் எப்போது, எப்படி

கண்ணாடிப் பூச்சுள்ள டைல்ஸுக்கு சீலர் தேவையே இல்லை. உறிஞ்ச இடமில்லாமல் மேலேயே காய்ந்து பிசுபிசுப்பான மங்கலாக நிற்கும். சிமெண்டு ஜாயிண்டுக்கும், முதல் படியில் சொன்ன தண்ணீர்ச் சோதனையில் கருத்த கல்லுக்கும் மட்டும் அடியுங்கள். கல்லுக்குள் இறங்கும் ஊடுருவு வகையையே தேர்ந்தெடுங்கள். மேலே படலமாகப் படியும் வகை கீறலைக் காட்டும், உரிந்துவரும், அதை எடுக்கத் தனிச் செலவு ஆகும். ஒரு பொய் நம்பிக்கையையும் இங்கே களைய வேண்டும்: சீலர் கறை இறங்குவதைத் தாமதப்படுத்தும், ஆனால் மார்பிளை அமிலத் தழும்பிலிருந்து காக்காது.

தரையைச் சுத்தம் செய்து குறைந்தது ஒரு முழு நாள் காயவிட்ட பிறகு, மெல்லிய துணியால் சீராகப் பூசி, அட்டையில் குறித்த நிமிடங்கள் கழிந்ததும் உறிஞ்சப்படாமல் மேலே நிற்பதை உலர்ந்த துணியால் முற்றாகத் துடைத்தெடுங்கள். இந்தத் துடைப்பில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். பெரிய அறையை ஒரேயடியாகப் பூசிவிட்டு முனைக்குத் திரும்புவதற்குள் அது காய்ந்துவிடுகிறது. ஒருவர் பூச, ஒருவர் பின்னாலேயே துடைத்துவருவது நல்லது. எவ்வளவு வாங்குவது என்பதை அட்டையிலுள்ள 'லிட்டருக்கு இத்தனை சதுர மீட்டர்' என்ற குறிப்பிலிருந்து கணக்கிடலாம். மெருகேற்றிய அடர்ந்த கல் குறைவாகவும் மணற்கல் மிக அதிகமாகவும் குடிக்கும் என்பதால், மணற்கல்லுக்கு ஒரு சிறு புட்டி வாங்கிச் சோதித்த பிறகே மொத்தமாக வாங்குங்கள். மறுமுறை எப்போது என்பதற்கு நாள்காட்டியைவிடத் தண்ணீர்த் துளியே நம்பகமான வழி: நடமாட்டம் மிகுந்த இடத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதியுங்கள், கருத்தால் மட்டும் பூசுங்கள்.

11. இயந்திரப் பாலிஷுக்கு ஆள் அமர்த்தும்போது

கீறலும் தழும்பும் தரை முழுக்கப் பரவியிருந்தால் வைரத் தட்டுகளால் தேய்த்து மெருகேற்றுவதே தீர்வு. பராமரிப்பில் மிகப்பெரிய செலவும் இதுதான். கரடுமுரடான தட்டில் தொடங்கி 200, 400, 800, 1500, 3000 என்று படிப்படியாக நுண்மையானதற்குச் செல்வார்கள். இடையில் ஒரு படியைத் தாவினால், முந்தைய தட்டின் கீறல்கள் மெருகுக்கு அடியில் சுழிசுழியாகத் தங்கிவிடும். மழைக்கால ஈரத்தில் இதைத் தொடங்காதீர்கள். தரை காய நாளாகும்.

விலைப்புள்ளியை எழுத்தில் வாங்குங்கள். அதில் சதுர அடிக் கணக்கு, எத்தனை படிகள், ஓரங்களும் மாடிப்படிகளும் சேர்த்தியா, விரிசல் நிரப்புவது சேர்த்தியா, சீலர் யாருடையது, தேய்க்கும்போது சேரும் கல்தூள் சகதியை யார் அப்புறப்படுத்துவது ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். சகதியைச் சாக்கடைக் குழாயில் ஊற்ற அனுமதிக்காதீர்கள், குழாய்க்குள் படிந்து கல்லாக இறுகிவிடும். தண்ணீர் விட்டுத் தேய்க்கும் முறையையே கேளுங்கள். கிரானைட்டையும் மணற்கல்லையும் உலர்வாகத் தேய்த்தால் எழும் சிலிக்காத் தூசி வேலை செய்பவர்களின் நுரையீரலைப் பாழாக்கும். ஒரு மூலையில் மாதிரி செய்துகாட்டச் சொல்லி, அந்த மெருகு அளவை இருவரும் ஒப்புக்கொண்டு படமெடுத்துக்கொள்ளுங்கள். குளியலறைக்கும் வெளிவாசலுக்கும் உயர் மெருகு வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள், ஈரத்தில் வழுக்கும்.

வேலை முடிந்ததும் விளக்கொளியில் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள். மறுநாள் பகலில், சன்னலுக்கு எதிர்ப்பக்கம் நின்று, தாழ்ந்த பார்வையில் பாருங்கள்; சுழிகளும் விடுபட்ட ஓரங்களும் அப்போதுதான் தெரியும். மாதிரிப் படத்தோடு ஒப்பிட்டுத் திருப்தியான பிறகு மீதித் தொகையைக் கொடுங்கள். சீலர் அடித்திருந்தால் அட்டையில் சொன்ன காலம் கழியும்வரை தண்ணீர் படாமல் பாருங்கள். கனமான சாமான்களை இழுக்காமல் தூக்கி வையுங்கள். விரிப்புகளைக் கடைசியாகப் போடுங்கள்.